ஒலியை அணைத்துவிட்டு

மாரி தொடங்க நாலைந்து நாள் இருக்கையில்
நஸ்மீர் வந்து கூரையில் ஏறினான்.
டிஷ்ஷை அரை விரற்கடை திருப்பிவிட்டு
இறங்காமலே சொன்னான்:
"புதுசா அஞ்சு நாடகம் வருது கா.
ஏழுக்கு ஒண்டு, ஏழரைக்கு ஒண்டு,
எட்டுக்கு ரெண்டு சனல்ல ரெண்டு,
ஒன்பதரைக்குத் துருக்கி.
எல்லாச் சனலுக்கும் காசு கட்டேலா,
பாத்துச் சொல்லுங்க."

ஐந்தையும் பார்க்க எங்களிடம் அவ்வளவு இரவு இல்லை.
கல்லடியில் கடை பூட்டி இவர் ஆரையம்பதி வந்துசேர ஏழாகும்.
மகனுக்கு இந்த வருஷம் ஓ.எல்.
எனக்குப் பிட்டு அவிய வேண்டும்.
வீட்டுக்கு ஒரு கதை, மிஞ்சினால் ஒன்றரை.

ஆகவே வழக்கு மச்சாளிடம் போனது.

கிருபைமலர் மச்சாளுக்குக் காது கேளாது.
ஒன்பது வயதுக் காய்ச்சல் என்பார் மாமி.
மச்சாளைக் கேட்டால்
இரண்டு கையையும் குவித்து, சட்டென்று விரித்து,
வானத்தைப் பார்ப்பாள்.
அதற்குமேல் நாங்கள் கேட்டதில்லை.

முதல் வாரம் ஒலியில்லாமல் பார்ப்பது
எங்கள் வீட்டுச் சட்டம்.
ரிமோட்டில் அந்தப் பொத்தானுக்கு மட்டும்
எழுத்து அழிந்துவிட்டது.

ஏழு மணி நாடகம் மூன்றாம் நாளே விழுந்தது.
எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்,
ஆளுக்கு மும்மூன்று தடவை.
இடி விழுந்திருக்கும், மேளம் எழும்பியிருக்கும்,
எங்களுக்கென்ன தெரியும்.
மச்சாள் கொட்டாவி விட்டாள்.

ஏழரையில் ஒரு மாமியார்.
படுக்கையிலும் தோடு, படுக்கையிலும் ஒட்டியாணம்.
மச்சாள் தன் காதைத் தொட்டு, தலையணையைத் தொட்டு,
முகம் சுளித்தாள்: குத்தாதா?
அதுவும் போயிற்று.

துருக்கிக்காரன் வடிவானவன்.
ஆனால் மச்சாள் உதடு வாசிக்கிறவள்.
அவன் வாய் எங்கே திறந்து எங்கே மூடுகிறதென்று
பிடிபடவில்லை. நாக்கைத் தொட்டுக் காட்டி
விரலை வளைத்தாள்: பொய்க்காரன்.
மொழி மாற்றியிருக்கிறார்கள் என்று
மகனின் கொப்பியில் எழுதிக் காட்டினேன்.
வாசித்தாள், அவனை இன்னொரு தரம் பார்த்தாள்,
விரலை நிமிர்த்தவில்லை.
எனக்கு அவன்மேல் இன்னும் கொஞ்சம் கவலை உண்டு.

எட்டு மணிக்குப் பெரிய நடிகை ஒருத்தி
பெரிதாக அழுதாள்.
அதே எட்டு மணிக்கு, மற்றச் சனலில்,
பஸ் டிப்போ ஒன்றில் ஒரு பெண் சில்லறை எண்ணினாள்.
அவ்வளவுதான். எண்ணி, இருபது ரூபாய் குறைய,
மேசைக்கடியில் குனிந்து தேடி,
ஒருவரும் பார்க்கவில்லையென்று நிமிர்ந்து
தன் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள்.
காம்பு கிள்ளிய மிளகாய்
மச்சாளின் விரலிலேயே நின்றது.

மறுகா மாரி பிடித்தது.
எங்கள் கூரை தகரம்.
ஒலியை நூறுக்கு ஏற்றினாலும்
தகரத்தின் பேச்சுத்தான் வீடு முழுக்க.
எட்டு மணிக்கு எங்கள் எல்லோருக்கும்
மச்சாளின் காது.

"என்ன சொல்றாள்?" என்று மகன் கத்தினான்.
அவன் வாயைப் பார்த்து மச்சாளின் கை எழும்பியது.
டிப்போப் பெண் சொன்னதை விரலால்,
மனேஜர் சொன்னதைப் புருவத்தால்,
முதுகு காட்டி நின்ற டிரைவர்
சொல்லாமல் விட்டதைத் தோளால்.
இவர் கடைக் கணக்கை மூடிவைத்துவிட்டு
திரையைப் பார்க்காமல்
தன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கலியாணம் முடித்து இத்தனை வருஷத்தில்
அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்து
நான் காணவில்லை.

பாதியில் கரண்ட் போனது.
மகன் போனின் வெளிச்சத்தை
மச்சாளின் கைகளுக்குப் பிடித்தான்.
நாடகம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.
அவள் நிறுத்தவில்லை.

மழை விட்ட காலையில் நஸ்மீர் எடுத்தான்.
எட்டு மணிதான், ஒன்று போதும் என்றேன்.
"அந்தப் பெரிய நடிகைட நாடகமா?"
இல்லை, மற்றது. பஸ் டிப்போ.
கொஞ்ச நேரம் மூச்சில்லை.
"அத ஒருத்தரும் பாக்கல்லயே கா."