ராசாவுக்கு ஒரு பை

கல்லடி ஒத்திகை மண்டபத்து மூலையில் என் தையல் மெசின்.
ராசா உடுப்பை இன்றைக்கு மறுபடி பிரிக்கிறேன்.
முதலில் வெட்டியது செங்கலடி கோகுலராஜின் அளவுக்கு.
மூன்று மாதம் பாடிப் பாடி
அவன் கழுத்துக்கு அந்தக் கொலர் பழகியிருந்தது.
இப்போது அவன் நான்காவது சிப்பாய்.
ஈட்டிக்கு வெள்ளித்தாள் ஒட்டுகிறான்,
என்னைப் பார்க்காமல்.

ராசாவாக வருகிறவர் டிலுக்சன்.
மாவடிவேம்பிலிருந்து மருதமுனை மட்டும்
போனில் அவரைப் பார்க்காத வீடில்லை.
வெள்ளத்தில் இடுப்பளவு நின்று அழுதவர்.
அழுதவர்களைப் படம் பிடித்தவர்.
வெளிநாட்டுக் காசு வந்த கதைக்கும் போன கதைக்கும்
மூன்று தரம் பொலிசுக்குப் போய்
மூன்று தரமும் மாலையோடு திரும்பியவர்.

வின்சன் மாஸ்டர் நோட்டீஸ் கட்டைத் தட்டி அடுக்கியபடி சொன்னார்:
"ஏசுறவனும் காசு குடுத்து வந்துதான் ஏசுவான் கா.
கோகுலுக்கு ஆர் வருவாங்க? அவன்ட அம்மா."

அளவெடுத்தேன். நெஞ்சு நாற்பத்திரண்டு.
நல்ல மணம். நல்ல பேச்சு.
"அக்கா, உள்பக்கம் ஒரு பை வைக்க ஏலுமா, போனுக்கு?"
எந்த ராசாவுக்கும் நான் பை வைத்ததில்லை.

என் தங்கச்சி தவநிதி கிரானில் இருக்கிறாள்.
அவள் அழுததை எட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.
கூரைக்கு நாற்பது தகடு என்று வீடியோவில் சொன்னது.
பதினொன்று வந்தது. மிச்சத்துக்குத் தறப்பாள்.
மறுகா அவள் எதையும் ரூபாயில் எண்ணுவதில்லை.
மகனின் டியூசன் மாதம் அரைத் தகடு.
மூக்குக்கண்ணாடி ஐந்து தகடு.

பையை அடியில்லாமல் தைக்கலாமென்று ஒரு கணம் நினைத்தேன்.
ஒரு கணமில்லை, ஒரு இரவு.
பிறகு இரட்டைத் தையல் போட்டேன்.
பிரிந்தால் கெடுவது என் பெயர்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது.
வெளியே ஆறு பேர் பதாகை பிடித்து நின்றார்கள்.
மழை தூறியதும் அதில் இரண்டு பேர்
டிக்கெட் எடுத்து உள்ளே வந்தார்கள்.

கதை இதுதான்: வாவி பெருகுகிறது.
முகத்துவாரத்து மணலை வெட்டினால் ஊர் தப்பும்,
ராசாவின் உப்பளம் போகும்.
வெட்டமாட்டேன் என்கிறான் ராசா.
தண்ணீர் அரண்மனைப் படிக்கு ஏறிய பிறகு
இரண்டு கையையும் விரித்துப் பாட வேண்டும்:
எடுத்தது என் கைதான், எண்ணாமல் எடுத்த கை.

பின்வரிசையில் ஒரு விசில்.
"கணக்கைக் காட்டு ராசா!" ஒரு பெண்குரல்.
சிரிப்பு மேடைக்கால் வரைக்கும் உருண்டு வந்தது.
ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையை அமத்திப் பிடித்துக் காத்திருந்தார்.
டிலுக்சன் கண்ணை மூடினார்.
அதே வரியை, சுதி இறக்கி, இன்னொரு தரம்.

என்னத்தைச் சொல்ல.
நன்றாகப் பாடினார்.
பாடியது ராசாவா அவரா தெரியவில்லை,
அவருக்காவது தெரியுமோ.
பக்கத்திரைக்குப் பின்னால் ஊசிப்பெட்டியோடு நின்ற
எனக்குக் கண் கலங்கிவிட்டது.
அதுதான் என் கோபம்.
நான்காவது சிப்பாய் ஈட்டியில் சாய்ந்தபடி
அவரோடு உதடசைத்துக்கொண்டிருந்தான்,
ஒரு சொல் பிசகாமல்.

காலையில் தவநிதி கோல் எடுத்தாள்.
"சனமா?"
"அறுநூறு கதிரையும்."
"டிக்கெட்?"
"ஆயிரத்தைந்நூறு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இருநூற்றி இருபத்தைஞ்சு தகடு" என்றாள்.
மறுகா கேட்டாள், "பாட்டு எப்பிடி?"

ராசா உடுப்பை வாளியில் போடப் போனவள்
பையைப் புரட்டிப் பார்த்தேன்.
தொண்டை மிட்டாய்த் தாள் ஒன்று.
தையல் ஒரு நூல் விடவில்லை.

"அக்கா, கேக்குதா? எப்பிடிப் பாடினான்?"

லைன் வெட்டுது என்றேன்.