சாக்கு

சீனன்குடா பஸ்ஸில் நின்றபடியே
நாலாய் மடித்த தாளைப் படித்தேன்.
மாதர் சங்கத்துப் பயிற்சியில் தந்தது.
கண்ணைப் பார்க்கவும்.
சற்று முன்சாய்ந்து இருக்கவும்.
அவர் சிரித்தால் சிரிக்கவும்.
சிரிக்காவிட்டால் என்ன செய்வதென்று
அதில் இல்லை.

அவர் சிரிக்கவில்லை.
மா களஞ்சியத்தின் மாடி அறை.
ஜன்னல் கம்பியில் மா, கோப்புகளில் மா,
அபேசுந்தர என்ற பெயர்ப்பலகையில்
யாரோ விரலால் துடைத்த இடம் மட்டும் கறுப்பு.
நான் முன்சாய்ந்தேன்.
அவர் பின்சாய்ந்தார்.
நான் கண்ணைப் பார்த்தேன்.
அவர் என் செருப்பைப் பார்த்தார்.
மின்விசிறி மட்டும் எங்கள் இருவரையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோப்பைத் திறந்து எழுத்துக் கூட்டினார்:
"எ... லி... லரசி."

மூன்று நாள் கண்ணாடி முன் பழகியும் வராத சிரிப்பு
கேட்காமல் வந்து விழுந்தது.
"ஏன் சிரிப்பு?"
தமிழில்தான் கேட்டார்,
கல்லுக் கல்லாய்க் கால் வைத்து ஆறு கடப்பவர்போல.
போச்சு வேலை என்று நினைத்துக்கொண்டே
என் சந்தைச் சிங்களத்தில் சொன்னேன்:
எலி என்றால் மீயா, சேர்.
நீங்கள் கூப்பிட்டது மீ ரெஜின.

டைப் அடித்துக்கொண்டிருந்த றிஹானா மிஸ்ஸின்
விரல்கள் நின்றன.
அவர் பேனாவை மூடினார். திறந்தார்.
"கீழ நிறைய இருக்கு," என்றார்.
"ராணிதான் இல்ல."

பிறகுதான் கேள்விகள்.
இடையில் இரண்டு வருடம் ஏன் வேலை இல்லை?
நல்ல சாக்கு ஒன்று தயாராய் வைத்திருந்தேன்,
ஏதோ கணினி வகுப்பென்று.
வாய் வேறு சொன்னது:
அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது.
கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரி.
ஆவணிக்குப் பிறகு போகத் தேவையில்லை.
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"மாசம் முடிய ஆறு மூட்டை குறையுது.
எலி தின்டதெண்டு எழுதுறாங்க.
நீங்க என்ன எழுதுவீங்க?"

"எலி தின்றால் சாக்கு மிச்சம் இருக்கும், சேர்.
நான் முதலில் சாக்கை எண்ணுவேன்."

இந்த முறை செருப்பைப் பார்க்கவில்லை,
நேராய் என் கண்ணைப் பார்த்தார்.
தாங்காமல் நான்தான்
என் செருப்பைப் பார்த்தேன்.
வலது வார் தைத்த நூல்
வேறு நிறம்.

"கோல் பண்ணுவம்," என்றார்.
எல்லாருக்கும் சொல்வதுதான்.
கதவடியில் வைத்து
இன்னொரு தரம் முயன்றார்:
"எளிலரசி?"
திருத்த வாயெடுத்து விட்டுவிட்டேன்.
அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.
எங்களுக்கே ழ வராது.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
வெயிலுக்கு ஒதுங்கி நின்ற புள்ளிமான் ஒன்று
என் கையிலிருந்த தாளை மணந்து
ஓரத்தைப் பிடித்து இழுத்தது.
முன்சாய்ந்து இருக்கவும் வரை
மென்று முடித்துவிட்டு
இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

கொடுத்தேன்.