அறை 307

டிசம்பர் முதல் வாரம்.
கைபேசி கணக்கு ஒப்பிக்கிறது:
இந்த ஆண்டு நீங்கள் பாட்டுக் கேட்டது
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் நிமிடங்கள்.
வண்ணக் காகிதம் தூவி வாழ்த்து வேறு.

பாபுராவ் தெரு லாட்ஜில்
இரவு மேசை என்னுடையது.
எட்டு மணிக்கு உட்கார்ந்தால்
எதிர்க்கடையில் இட்லி ஆவி எழும்வரை
சாவிகளும் நானும்தான்.
நிமிடங்களில் ஆச்சரியமில்லை.

ஜனவரியில் நாகஸ்வரம் கேட்டிருக்கிறேன்,
ஏனென்று நினைவில்லை.
மார்ச்சில் ஒரே பாடகி, ஒரே அழுகை.
நிச்சயம் நின்றுபோன மாதம் அது.
ஆற்காட்டிலிருந்து பெண்வீட்டார் கொண்டுவந்த
மக்கன் பேடா டப்பா மட்டும் மிஞ்சியது;
இப்போது அதில் சில்லறை போடுகிறேன்.
மே மாதம் எதுவும் ஒட்டவில்லை.
அக்கினி நட்சத்திரத்தில்
இயர்போன்கூடக் காதைச் சுட்டது.

இதெல்லாம் சரி.
முதலிடத்தில் நிற்கும் பாட்டைத்தான்
நான் கேட்டதே இல்லை.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு முறை.
வங்காளம்.

தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை என்று
இல்லாததை எண்ணியே
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
கேட்காத பாட்டையும்
சேர்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் கடைசியில் வந்தார்கள்
சுபோத் மண்டலும் அவர் மனைவியும்.
காட்பாடியில் இறங்கி
ஆட்டோவுக்கு இருநூறு ஏமாந்து,
எக்ஸ்ரே உறைகளோடும் ஒரு குக்கரோடும்.
மூன்றாம் நாள் அவர் போன்
வாளித் தண்ணீரில் விழுந்தது.
டிராயரில் கிடந்த என் பழையதைக் கொடுத்தேன்:
மூலையில் கீறல், சிம் இல்லை,
லாட்ஜ் வைஃபை போதும்.

அவருக்குத் தமிழில் 'எவ்ளோ', 'வேண்டாம்'.
எனக்கு அவர் மொழியில் 'பாலோ' மட்டும்.
ஊசி போட்ட இரவுகளில் அவள் தூங்க
ஒரு பாட்டு வேண்டும் என்பதை
இந்த மூன்று சொற்களால் சொல்லிமுடிக்க
அவருக்குக் கால்மணி ஆனது.

அன்றிலிருந்து
நான் எதைப் போட்டாலும் நடுவில் அறுந்தது.
'வேறொரு கருவியில் ஒலிக்கிறது'
என்றது திரை.
ஒரு கணக்குக்கு ஒரு பாட்டுதானாம் ஒரு நேரத்தில்.
சரணம் ஏறும் இடத்தில் பல தடவை.
மூன்றாம் மாடியை அண்ணாந்து முறைத்திருக்கிறேன்,
அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.
பிறகு, அந்தப் பாட்டைக் கேட்க ஆசை வந்தபோது
விரலை எடுத்துக்கொண்டேன்.
நான் போட்டால் மேலே அறுந்துவிடும்.

ஆகஸ்டில் காலி செய்தார்கள்.
நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினார்களாம்.
பகல் ஷிப்ட் அன்வர் பாஷா பில் போட்டான்;
போனைக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.
பதிவேட்டில் ஊர்ப்பெயர் இருக்கிறது,
ஈரம் பட்டு மை பரவி.

செப்டம்பர், அக்டோபர்:
என் பாட்டுகள் எதுவும் அறுபடவில்லை.
ஒவ்வொன்றும் கடைசிவரை ஓடியது.
அது இவ்வளவு சங்கடமாக இருக்குமென்று
யார் நினைத்தார்கள்.

நவம்பரில்,
பாலாற்றில் வெள்ளம் வந்து
பாலம் முழுக்க ஊரே நின்று
செல்ஃபி எடுத்துக்கொண்ட வாரம்,
இரவு இரண்டே கால்.
சட்டென நின்றது என் பாட்டு.
வேறொரு கருவியில் ஒலிக்கிறது.
அதே பாட்டு.

கேட்பது அவளா,
வெறும் கட்டிலருகே அவர் மட்டுமா,
திரை அதைச் சொல்வதில்லை.

பாஸ்வேர்டை மாற்றுடா என்கிறான் அன்வர்.
மாற்றலாம். அரை நிமிட வேலை.

இதோ, இன்றும் நின்றுவிட்டது.
இயர்போனைக் கழற்றி
சில்லறை டப்பாமேல் வைக்கிறேன்.
நான்கு நிமிடம் நாற்பது நொடி.
307-க்கு நேற்று வந்தவர் படியிறங்கி
வெந்நீர் எப்போது வரும் என்று கேட்கிறார்.
கையைக் காட்டி நிறுத்துகிறேன்.
பாட்டு முடிய
இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.