இரண்டு பக்கமும் ஒரே சாம்பல்

முதலில் வெளுத்தது பின்பக்க பம்பர்.
பிறகு கண்ணாடியின் காது,
சக்கரத்துக்கு மேல் வளைந்த பட்டை,
வைப்பருக்கு அடியில் வேப்பிலை சிக்கும் அந்தச் சல்லடை.
பூசணம் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
"பூசணம் இல்லக்கா. வெயில் பாதி,
உங்க ஊர் உப்பு பாதி"
என்றான் பாரதி நகர் பார்ட்ஸ் கடைப் பையன்.

கீழக்கரையில் எதுதான் வெளுக்கவில்லை.
கொடியில் மறந்த புர்கா செம்பட்டை ஆகிறது.
ஜன்னல் கொக்கி பொரிகிறது.
ஆனால் இது மூன்று வருஷத்து வண்டி.
தவணை முடிய
இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது.

தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயில் மிச்சத்தை
அதற்கும் வைத்தேன். ஒரு சாயங்காலம் மினுங்கியது.
மறுநாள் கச்சான் காற்று அள்ளி வந்த மணல் அத்தனையும்
அதில் ஒட்டிக்கொண்டது,
பொரிக்கப் பிரட்டிய சீலா மீன் மாதிரி.
ஷூ பாலிஷை ஒரே மழை
கதவு வழியே கண்மையாய் இறக்கியது.
மெழுகு அதைவிட மோசம்.
சொரசொரப்பின் குழியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் உட்கார,
பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து
அஸர் தொழுகை தள்ளிப்போனது.

பையன் கொடுத்தது உள்ளங்கை அளவு பாட்டில்.
நானூற்று ஐம்பது.
"நிழல்ல வச்சு, மெல்லிசா. பத்து நிமிஷம் விட்டுத் தொடைங்க.
ரெண்டு மாசத்துக்கு ஒருக்க.
போன கறுப்பு முழுசா வராது.
இருக்கிற கறுப்பு போகாது."
போர் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசுவது.
குடம் பன்னிரண்டு ரூபாய் நல்ல தண்ணீர் மூன்று குடம் ஊற்றினேன்.
எதிர்வீட்டு ஜன்னல் இருமியது.

காய்ந்துகொண்டிருந்தது. மூடி திறக்கவில்லை.
அப்போதுதான் வீடியோ அழைப்பு.

மகள் விழுந்த பல்லைக் காட்டி முடித்தாள்.
"வண்டியக் காட்டு" என்றார் மச்சான்.
நான் சுற்றி வந்தேன், போனை நீட்டியபடி,
கஅபாவைச் சுற்றுகிற கவனத்தோடு.

சீனி இபுராகிம் ஷார்ஜாவில்
கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர்.
எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் என்பது
அவர் பிழைப்பு.
வண்டி வாங்கியபோது நிறுத்தும் இடத்தையும் அவரே சொன்னார்:
வடக்கு பார்த்து, மதிலை ஒட்டி,
வலப்பக்கம் நிழலில் இருக்கட்டும்.
சனிக்கிழமை பத்து நிமிஷம் இஞ்சினை உறுமவிடு, போதும்.
வந்து நான் ஓட்டுவேன்.

"நாச்சியா."
"ம்."
"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கே."

லைசென்ஸ் மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியில் இருந்தது.
மைமூனை இரவு இரண்டு மணிக்குப் பிரசவத்துக்கு
ராமநாதபுரம் கொண்டுபோனதைச் சொல்லலாம்,
யாரும் மறுக்க முடியாத காரணம்.
ஆனால் ஒரு ராத்திரி ஓட்டம் எதையும் வெளுக்காது.
வெளுத்தது வாலிநோக்கத்தில்.
செவ்வாய்தோறும் மகள் பள்ளிக்கூடம் போனபின்
உப்பளத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு,
கதவைத் திறந்து வைத்து,
ஒரு காரணமும் இல்லாமல்
உட்கார்ந்திருந்த நேரங்களில்.

"இந்த ஊர்ல வெயில் எல்லாப் பக்கமும்தான் மச்சான் அடிக்குது"
என்றேன்.

அவருக்குப் பின்னால் யாரோ லிஃப்டை இழுத்து மூடினார்கள்.
"காத்து எவ்வளவு வச்சிருக்க?"
"முப்பத்திரண்டு"
என்று சொன்ன பிறகுதான்
வாயைக் கடித்தேன்.
"பின்னாடி முப்பத்தஞ்சு வை. ரோடு மோசம் அங்க"
என்றார்.
எங்கே என்று அவரும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.

பிறகு நிழலில் வைத்து, மெல்லிசாக,
பையன் சொன்னபடியே.
கறுப்பு வந்தது, பழைய கறுப்பு இல்லை,
ஈரம் காயாத கல்லின் கறுப்பு.
பாட்டிலில் கால்வாசி இருக்கிறது இன்னும்.
வலது பின்சக்கரத்துப் பட்டையை மட்டும்
தடவாமல் விட்டிருக்கிறேன்.