நாலு கே.பி.

காலை ஒன்பது பத்துக்கே சிவப்புக் கோடு.
உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது,
இனி அனுப்பவும் முடியாது, பெறவும் முடியாது.
இந்தூர்க்காரர் விலை கேட்டு எழுதியது
தொப்பூர் கணவாயில் அச்சு முறிந்த லாரிபோல
வழியில் எங்கோ நிற்கிறது.

ஐந்து ரோட்டிலிருந்து இர்ஃபான் சொன்னான்:
"அக்கா, கூட இடம் வேணும்னா
ஆளுக்கு மாசம் இவ்வளவு ஆகும்."
முதலாளி காதில் போட்டேன்.
"இருக்கறதக் கூட்டித் தள்ளும்மா."
குடோன் ஒழுகினாலும் அதே பதில்தான்.

பெரியதெல்லாம் மேலே வா என்று அடுக்கினேன்.
முதலில் எடைமேடை சந்திரபோஸ்.
லாரிக்கு நாலு படம்:
கிழங்கு, நம்பர் பலகை, சீட்டு,
நாலாவதில் எப்போதும் அவன் கட்டைவிரல்.
இருநூற்றுப் பதினோரு கட்டைவிரல்கள்
போய்ச் சேர்ந்தன.

கோடு அசையவில்லை.
அழித்ததும் குப்பைத்தொட்டியில்
முப்பது நாள் உட்கார்ந்திருக்குமாம்,
இடத்தையும் பிடித்துக்கொண்டு.
எனக்கா தெரியாது?
ஆலையில் திப்பியைக் கொட்டினால்
காய்ந்து வண்டி ஏறும்வரை
களம் நம்முடையது இல்லை.
தொட்டியையும் கவிழ்த்தேன்.

அடுத்தது ஜெபசீலியின் ஆய்வறிக்கை.
ஈரப்பதம், வெண்மை, சாம்பல்.
இறுதி.
இறுதி இறுதி.
இதுதான் இறுதி.
மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்,
ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது.
அந்தப் புள்ளிக்காகத்தான் நாக்பூரிலிருந்து
பன்னிரண்டு டன் திரும்பி வந்தது.
மூன்றும் இருக்கட்டும்.

பிறகு ஏற்காடு, ஆபீஸ் சுற்றுலா, படகுத்துறை.
பதினாலு எம்.பி.
எட்டுப் பேர் பல்லைக் காட்டுகிறார்கள்,
அதில் ஐந்து பேர் இப்போது வேறு கம்பெனி.
நான் இல்லை, எடுத்தவள் நான்.
அழித்தேன்.
இருபதாவது கொண்டையூசி வளைவில்
வாந்தி எடுத்த ஜெபசீலிக்கு
எலுமிச்சம்பழம் வாங்க ஓடியது யார் என்று
யோசித்துவிட்டு, மீட்டேன்.
சுருக்கி வைத்துக்கொண்டேன்.
முகங்கள் கொஞ்சம் கரைந்தன.
ஏரி அப்படியே இருந்தது.

அப்புறம் முதலாளி.
ஏழு வருஷத்துப் பதில்கள்:
சரி.
சரி.
பார்க்கலாம்.
சரி.
ஒவ்வொன்றின் காலடியிலும் கம்பெனி முத்திரை,
ஜவ்வரிசி பொங்கி வழியும் தங்கக் கலசம்,
இரண்டு எம்.பி.
சொல்லுக்கு ஒரு மணி எடைகூட இல்லை.
கலசம்தான் என் பெட்டியைத் தின்றிருக்கிறது.
முந்நூற்று நாலு 'சரி'களையும் ஒரே அள்ளு.
ஆடிட்டர் கேட்டால் வாயால் சொல்லட்டும்.

மதியத்துக்குள் கோடு பச்சையானது.
கீழே செவ்வாப்பேட்டையில் மூட்டை இறக்குகிற சத்தம்.
இந்தூர்க்காரர் வந்து சேர்ந்தார், மூச்சிரைக்க,
மூன்று முறை ஒரே கேள்வியோடு.
விலை அனுப்பினேன்.
டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு, சும்மாதான்,
வரிசையைத் தலைகீழாக்கினேன்.
ஆகச் சின்னது எது?

அனுப்பியது நான்.
நாலு வருஷத்துக்கு முன், ஆடி மாதம், ஒரு வெள்ளி.
பொருள்: சம்பளம் தொடர்பாக.
ஐந்து வரி. நாலு கே.பி.
பதில் இல்லை.
கலசம்கூட வரவில்லை.

இதை அழித்தால் எவ்வளவு இடம் மிச்சம்?
கணக்கில் காட்டாது.
இத்தனை நாள் யாருக்கும் பாரமில்லாமல்
மூலையில் கிடந்திருக்கிறது,
என்னைப் போல என்று எழுத வந்தேன்,
எழுதவில்லை.
அந்த ஆண்டை அடித்து இந்த ஆண்டைப் போட்டேன்.
தொகையை மாற்றினேன்.
'தயவுசெய்து' இரண்டு இருந்தன,
ஒன்றை எடுத்தேன்.
அடியில் கலசத்தை ஒட்டினேன்,
கனமாகப் போகட்டும்.

அனுப்பியாயிற்று.
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
அவர் போன் ஒருமுறை அதிர்ந்தது.
மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.
என்னைப் பார்க்கவில்லை.

நாலு நிமிஷத்தில் பதில்.

பார்க்கலாம்.

கீழே கலசம்.
எழுபத்துநாலு புள்ளி மூன்றாக இருந்தது
இப்போது எழுபத்துநாலு புள்ளி நான்கு.