கொட்டான்

முருகன்குறிச்சியில், செருப்புக்கடைக்கு மாடியில்
பதினோரு கிரீடங்கள் வைத்திருக்கிறேன்.
நாள் வாடகை முந்நூறு. கல் உதிர்ந்தால் கல்லுக்குப் பத்து.
நெட்டு தனி, கையுறை தனி.
ஏழாம் நம்பர் ஒருதரம் பிரியாணி அண்டாவில் கிடந்தது,
எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை.
பாளையங்கோட்டையில் பாதிக் கல்யாணம்
என் சீப்புப் பல்லைத் தலையில் குத்திக்கொண்டுதான்
சம்மதம் சொல்லியிருக்கிறது.

எப்சிபா வந்தது சித்திரை வெயிலில், அம்மையோடு.
பெரியதை வைத்தேன். வழுக்கிக் காதில் விழுந்தது.
சின்னதை வைத்தேன். அதுவும்.
ஹாக்கியில் கோல்கீப்பர். ஹெல்மெட்டுக்காக
பிடரி தெரிய ஒட்ட வெட்டியிருந்தாள்.
முடியில்லாமல் முடி நிற்காது,
இந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம்.
சவுரி வைக்கலாமே என்றேன்.
"கல்யாணத்தன்னைக்கு எதுக்குக்கா பொய்?"

செல்போனை நீட்டினாள்.
பனி பெய்யும் ஏதோ ஒரு ராஜ்ஜியம்.
எவள் ராணி, எவள் மருமகள், எனக்குத் தெரியாது.
ஒருத்தி தலையில் சாய்ந்த தட்டு,
பரிமாற எடுத்து மறந்துபோன மாதிரி.
ஒருத்திக்கு நெற்றியோரம் ஒற்றை இறகு,
மிச்சக் கோழியைக் காணோம்.
மூன்றாமவள் தொப்பி வலை மூக்குவரை இறங்கி
முகம் மீனாய் மாட்டியிருந்தது.
ஓரத்தில் ஆறு வயசு ராஜகுமாரி,
வைக்கோல் தொப்பி, தாடைக்குக் கீழே எலாஸ்டிக்.
நாக்கை நீட்டி அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
படம் எடுத்தவன் தவிர யாரும் கவனிக்கவில்லை.

"எனக்கு இந்தத் தட்டு."
"தொப்பியா? துரைசானி மாதிரியா?" அம்மை பதறினாள்.
"அவுக வெயிலுக்குல்லா போட்டாவ!"
"எனக்கும் வெயில்தான்" என்றாள் மகள்.

ராத்திரி சமையல்கட்டில் தேடினேன்.
சல்லடை கனம். சுளகு கேலிக்கூத்து.
உடன்குடிக் கருப்பட்டி வந்த ஓலைக் கொட்டான்:
கவிழ்த்தேன், வட்டம் சரி.
பாதியில் அரிந்து, வெள்ளை சாட்டின் போர்த்தி,
பழைய நெட்டில் மூன்று ரோஜா சுருட்டி,
அடியில் ஒரு ஹேர்பேண்டு.
வைத்துப் பார்த்தேன் கண்ணாடியில்.
நானும் ஏதோ ஒரு தேசத்துக்கு மாமியார்.

கழுவ மறந்திருந்தேன்.

சுவிசேஷபுரம் கோயில். பாமாலையின் மூன்றாம் சரணத்தில்
மணப்பெண் நெற்றியில் ஒரு புள்ளி இறங்கியது.
பிறகு ஒன்று. பிறகு வரிசையாய்,
புருவத்தைப் பாலமாக்கிக் காதுமடல் வரைக்கும்
செவ்வெறும்பு.
ஆறாவது பெஞ்சில் நான் சேலைத் தலைப்பைக் கடித்தேன்.
ஐயர் கேட்டார்.
மாப்பிள்ளை தவசிங் வேர்த்து வடிந்து "சம்மதம்" என்றான்.
அவள்
கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பவளாய் நின்றாள்.
ஒருதரம் இமைத்தாள். குரல் பிசகவில்லை.
"என்ன நிமிர்வு பாத்தியா, ராஜவம்சங் கணக்கா"
பின்னால் யாரோ ஒரு சித்தி.

தொப்பி திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.
திங்கட்கிழமை போனில் ஒரு குரல்:
"அக்கா, காதுக்குப் பின்னால ஒம்போது கடி.
அவரு எண்ணுனாரு."

ஆளில்லாத மத்தியானங்களில் இப்போது
அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
சாய்ந்த தட்டின் கீழே பெரிய இடத்துப் பெண்.
கழுத்து அசையவில்லை. சிரிப்பு பாதியில் நிற்கிறது.
இடது புருவம் மட்டும் இம்மி மேலே.

எறும்பு படத்தில் விழாது.
எத்தனை கடி, தாயி?
எண்ண ஆள் இருக்கா?