இடது மூலை

திங்கள்கிழமை என்றால் கொக்கிரகுளத்தில்
மனு எழுதுகிறவர்களுக்கு மேசை போதாது.
என் கடையில் ஜெராக்ஸ் தாள்கள்
செங்கல்லுக்கு அடியில் படபடக்கும்.
பத்தரை மணிக்கு வந்தாள். பேராச்சி என்றாள்.
ஊரையும் சொன்னாள், அதை இங்கே எழுதப்போவதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.
வேண்டாம், வழியிலேயே பாதியைத் தின்றுவிடும்,
போனைக் கொடு என்று வயரைச் செருகினேன்.
பின்பக்கக் கண்ணாடியில் பீடித்தூள்.
தலைப்பால் துடைத்தேன்,
எடுத்து முடிந்த படத்துக்கு
அதனால் பயனில்லை என்று தெரிந்தும்.

திரை முழுக்கக் கறுப்பு.
கறுப்புக்குள் கறுப்பாய் ஒரு மேடு.
"லாரிக்கா அது.
ராத்திரி ரெண்டு மணி. ஃபிளாஷ் போட்டா என்னையப் பாத்துருவாவ.
உடமரத்துக்குப் பின்னால நின்னு எடுத்தேன்.
கை ஆடிட்டு."

வெளிச்சம் என்று ஒரு கோடு உண்டு,
அதை முதலில் தொடமாட்டேன்.
எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும்,
பால் கொட்டினது போல் இருட்டு வெளுக்கும், அவ்வளவுதான்.
நிழல் என்று இன்னொன்று.
அதை விரலால் நகர்த்தினேன்.
இருபது. முப்பத்தைந்து. நாற்பது.

ஆறு வந்தது.
டயர் வந்தது, பாதி தண்ணீருக்குள்.
அள்ளின பள்ளத்தில் நிலவில்லாத வானத்தின் சாம்பல்.
அறுபதில் படமெங்கும் புள்ளிகள் எழும்பின,
பச்சையும் ஊதாவுமாய், பொடிப்பொடியாய்,
வெளிச்சம் பற்றாத செல்போன்
தன் பங்குக்கு அள்ளிப் போடும் மணல்.
அதை அழிக்கவும் வழியுண்டு. அழித்தேன்.
லாரி மெழுகாய் வழுவழுத்தது, தண்ணீரில் அலை இல்லை,
கரையில் ஒரு மணிகூட மிச்சமில்லை.
திரும்ப வைத்தேன்.

நம்பர் தகட்டைப் பெரிதாக்கினோம்.
எழுபத்திரண்டு தெரிந்தது,
அது இந்த ரோட்டில் ஓடும் பாதி வண்டிக்குப் பொது.
கடைசி எண் மூன்றா எட்டா.
தெளிவாக்கு என்று புதிதாய் ஒரு பொத்தான் வந்திருக்கிறது.
அழுத்தினால் எட்டு. பெயின்ட் காயாத, பளிச்சென்ற எட்டு.
இன்னொரு தரம் அழுத்தினேன். மூன்று.
அதே பளிச்.
"எட்டுன்னே வச்சிருங்களேன்."
"எட்டு நம்பர்க்காரன் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"
தெரியாது. எனக்கும் தெரியாது.
அவன் இந்நேரம் களக்காட்டில்
வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கலாம்.
ரத்து செய்தேன்.

நிழலை எழுபதுக்குத் தள்ளியபோதுதான்
இடது மூலையில் ஒரு டிவிஎஸ் வண்டி முளைத்தது.
சீட்டுக்குப் பழைய பாவாடைத் துணியில் உறை, மாங்காய்க் கரை.
பக்கத்தில் மண்வெட்டியோடு ஒருவன்,
முதுகு மட்டும்.

பேராச்சி திரையை விட்டுவிட்டுச்
சுவரிலிருந்த கட்டணப் பட்டியலைப் படித்தாள்.
மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து.
லேமினேஷன் இருபது, ஸ்பைரல் நாற்பது.
"உறை நான் தச்சது" என்றாள்.

"வெட்டிரவா அந்தப் பக்கத்த?"
"வெட்டாதீங்கக்கா. வெட்டுனா வெட்டுனதுன்னு தெரியும்.
மொதல்ல இருந்துச்சுல்லா, அது மாதிரி
அந்த மூலைய மட்டும்."

பதினோரு வருஷமாய்
இருட்டை வெளுக்கத்தான் காசு வாங்கியிருக்கிறேன்.
பிரஷ்ஷை எடுத்து மூலையில் தடவினேன்,
போன் அன்றிரவு பார்த்த அளவுக்கே,
அதற்குமேல் ஒரு பொட்டுக் கறுப்பு சேர்க்கவில்லை.
அது பொய்யில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.
பொய் என்றும்.

ஏ-ஃபோர், கலர், ஒரு படி. முப்பது ரூபாய்.
மனுவோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன்.
வெளியே பதினோரு மணி வெயில்
கலெக்டர் ஆபீஸ் சுவரை எழுதாத தாளாக்கியிருந்தது.
வரிசையின் கடைசியில் போய் நின்றவள்
படத்தை இன்னொரு முறை பார்க்க விரித்தாள்.
அத்தனை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை போல,
இடது கையை அதன்மேல்
நிழலாய்ப் பிடித்தாள்.